71ஆவது நிமிடத்தில் நின்ற கச்சேரி: உவர்மலை வீடொன்றில் எச்.டி. பதிவு

வீட்டில் எச்.டி. நிகழ்ச்சியைப் பதிவு செய்கிறோம் என்றால், திரையில் தெரிகிற படத்தைப் பதிவு செய்கிறோம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் பெட்டி படத்தைத் தொடுவதே இல்லை. வானத்திலிருந்து வந்த தரவு எந்த நிலையில் வந்ததோ அதே நிலையில் டிஸ்கில் போய் உட்காருகிறது. மழையில் உடைந்து வந்தால் உடைந்தபடி. கட்டண அலைவரிசை என்றால் பெட்டி தன் சொந்தப் பூட்டையும் போட்டு வைக்கும். திருகோணமலை உவர்மலையில் ஒரு வீட்டில் பார்த்த வேலை இதைத் தெளிவாகக் காட்டியது. டிஷ், ரிசீவர் வேலை பார்க்கிறவர்களுக்கும், நல்ல நிகழ்ச்சிகளைச் சேர்த்து வைக்க ஆசைப்படுகிறவர்களுக்கும் பயன்படும் என்பதால் முழுவதையும் எழுதுகிறேன்.

வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற சங்கீத ரீச்சர். இப்போதும் வீட்டில் பிள்ளைகளுக்கு வீணை சொல்லிக் கொடுக்கிறார். மார்கழி மாதம் தமிழ்நாட்டு அலைவரிசைகளில் வருகிற கச்சேரிகளைப் பதிவு செய்து, தை பிறந்ததும் வகுப்பில் போட்டுக் காட்டுவது அவருடைய வழக்கம். ஒலி மட்டும் போதாதா என்று கேட்டேன்.

“பாட்டுத்தான் வேணுமெண்டா ரேடியோ காணும் தம்பி. இடக்கை விரல் எந்த மெட்டில நிண்டு தந்தியை இழுக்குது எண்டு பிள்ளையள் கண்ணால பாக்கோணும்” என்றார்.

இந்த ஒரு பதிலில் வேலையின் அளவுகோலே கிடைத்துவிட்டது. வீணைத் தண்டியின் குறுக்கே பதித்த கட்டைகளைத்தான் மெட்டு என்கிறோம், மொத்தம் 24. விரலை ஒரே மெட்டில் வைத்துத் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்தாலே அடுத்த சுரத்துக்குப் போகலாம். சுரத்தை அசைத்து வாசிக்கிற கமகத்தின் பெரும்பகுதி இந்த இழுப்பில்தான் இருக்கிறது. பழைய தரத்துப் படத்தில் 720க்கு 576 புள்ளிகள். எச்.டி.யில் 1920க்கு 1080. பெருக்கிப் பார்த்தால் சரியாக ஐந்து மடங்கு. மேடை முழுவதையும் காட்டும் காட்சியில் பழைய தரத்தில் இடக்கை ஒரு மங்கலான திட்டு. எச்.டி.யில் விரல் விரலாகத் தெரியும். ரீச்சருக்கு எச்.டி. வேண்டும் என்பது ஆடம்பரத்துக்கான ஆசை இல்லை, பாடத்துக்கான தேவை.

மொட்டைமாடியில் இரண்டு டிஷ். சின்னது, மாதக் கட்டணம் கட்டுகிற சேவைக்கு. அதன் பெட்டியில் வெளி டிஸ்க் ஒன்றைப் பொருத்திப் பதிவு செய்யலாம். மற்றது ஆறடி வலை டிஷ், சி-பேண்ட் என்ற அலைப்பட்டையில் பூட்டில்லாமல் வருகிற இலவச அலைவரிசைகளுக்கு. அதற்கு ஒரு சாதாரண ரிசீவர், பின்னால் யூ.எஸ்.பி. துளை, அதில் பென்டிரைவ். அன்டெனா வழியாக எச்.டி. கிடைக்குமா என்று இங்கே பலர் கேட்பார்கள். இலங்கை 2014இல் ஜப்பானிய டிஜிட்டல் முறையைத் தெரிவு செய்தாலும் வீட்டு அன்டெனாவுக்கு வருவது பழைய அனலொக்தான். ஆகவே எங்கள் ஊரில் எச்.டி. என்றால் டிஷ், இல்லாவிட்டால் தொலைபேசி இணைப்பு வழியாக வருகிற டிவி.

ரீச்சரின் முறைப்பாடுகள் மூன்று. இலவச ரிசீவரில் நீண்ட கச்சேரிகள் பாதியில் நின்றுவிடுகின்றன. மழை நாட்களில் கட்டணப் பெட்டியின் பதிவில் படம் சதுரம் சதுரமாக உடைகிறது. போன வருடத்துப் பதிவுகள் புதிதாக வந்த கட்டணப் பெட்டியில் திறக்கவே இல்லை. மூன்றுக்கும் கரண்ட்தான் காரணம் என்று அவர் உறுதியாக நம்பினார். 2022இல் பதின்மூன்று மணிநேரம் வரை மின்வெட்டைப் பார்த்தவர்கள் நாங்கள், எது பழுதானாலும் முதலில் கரண்டைச் சந்தேகிப்பது இயல்பு. ஆனால் இங்கே மூன்றுக்கும் மூன்று வெவ்வேறு காரணங்கள்.

தானம் தொடங்கும் இடத்தில்

பென்டிரைவை மடிக்கணினியில் போட்டதும் விஷயம் பாதி வெளியே வந்தது. பாதியில் நின்ற கச்சேரிகளின் நீளத்தைப் பார்த்தால் ஒன்றுக்கொன்று ஒட்டவில்லை. ஒன்று 68 நிமிடம், ஒன்று 71, இன்னொன்று 75க்குக் கிட்ட. கரண்ட் போயிருக்கும் என்று எண்ண வைத்தது இந்தச் சீரின்மைதான். பக்கத்தில் இருந்த அளவு நிரலைப் பார்த்தேன். எல்லாக் கோப்பும் ஒரே அளவு, 4 ஜிபிக்கு ஒரு பொட்டுக் குறைவு. நேரம் வேறு வேறு, அளவு மட்டும் ஒன்று. கரண்ட் போனால் இப்படி ஒருபோதும் வராது.

அந்தப் பென்டிரைவ், கோப்புகளை அடுக்கி வைக்கிற முறைகளில் ஒன்றான ஃபாட்32இல் ஃபோர்மட் செய்யப்பட்டிருந்தது. 1996இல் விண்டோஸ் 95உடன் வந்த முறை இது. ஒரு கோப்பின் அளவைக் குறித்து வைக்க அதில் 32 பிட் இடம்தான் உண்டு. ஆகவே எந்தக் கோப்பும் 4,294,967,295 பைட்டைத் தாண்ட முடியாது. டிரைவில் எவ்வளவு இடம் மிச்சம் இருந்தாலும் இதில் மாற்றமில்லை. இப்போது கணக்கைப் போடுங்கள். விநாடிக்கு 8 மெகாபிட் வேகத்தில் வருகிற எச்.டி. அலைவரிசை விநாடிக்கு ஒரு மெகாபைட், மணிக்கு 3.6 ஜிபி பிடிக்கும். அந்த வேகத்தில் எல்லை 71ஆவது நிமிடத்தில் முட்டும். ஒரே செய்மதி அலையில் பல அலைவரிசைகள் இடத்தைப் பங்கு போடுகின்றன. பக்கத்து அலைவரிசையில் கிரிக்கெட் ஓடினால் அது கூடுதலாக எடுத்துக்கொள்ளும், கச்சேரிக்குக் குறையும். அதனால்தான் ஒரு நாள் 68, ஒரு நாள் 75.

பழைய டெக் காலத்தில் மூன்று மணிநேரக் கசெற் என்றால் மூன்று மணிநேரம். இப்போது நீளத்தைத் தீர்மானிப்பது ஒளிபரப்புகிறவர் அனுப்பும் வேகம். நம் கையில் இல்லை.

இந்த வெட்டு ரீச்சருக்கு எங்கே வலித்தது என்றும் சொல்ல வேண்டும். கச்சேரி வர்ணத்தில் தொடங்கி, சில கீர்த்தனைகள் முடிந்த பிறகுதான் ராகம் தானம் பல்லவிக்குப் போகும். முதல் ஒரு மணிநேரம் தாண்டி ராகம் நடந்துகொண்டிருக்கும்போது, தானம் தொடங்குகிற அதே இடத்தில் பதிவு நின்றுவிடும். வீணைக்காரர்களுக்குத் தானம் உயிர். தாளக்கட்டு இல்லாமல் ஆனால் லயத்தோடு தந்தியை மீட்டிப் போகிற அந்தப் பகுதிதான் மற்ற வாத்தியக்காரர்களும் வீணையிடம் கேட்டுக் கற்கிற பகுதி. அதைத் தவற விட்ட பதிவு அவருக்குப் பாதிப் பதிவுகூட இல்லை.

தீர்வு சின்னது. இந்த 4 ஜிபி எல்லை இல்லாத முறைகளில், அந்த ரிசீவர் எக்ஸ்ஃபாட்டை ஏற்கவில்லை, என்டிஎஃப்எஸ்ஸை ஏற்றது. நல்ல கோப்புகளை முதலில் கணினிக்கு நகலெடுத்துவிட்டு மாற்றி ஃபோர்மட் செய்தோம். கையோடு பென்டிரைவையும் விட்டு ஒரு 1 டெராபைட் டிஸ்குக்கு மாறினோம். மலிவான பென்டிரைவ் மணிக்கணக்கில் தொடர்ந்து எழுதும்போது சூடாகி இடையிடையே தடுமாறும். 1 டெராபைட் என்றால் மேலே சொன்ன வேகத்தில் 270 மணிநேரத்துக்கு மேல். சிறிய டிஸ்க் சுழலத் தொடங்கும்போது யூ.எஸ்.பி. துளை தருகிற 500 மில்லியம்பியர் போதாமல் பெட்டியே அணைந்து எரியலாம். அதனால் தனி மின்சாரம் உள்ள ஹப் வழியாகக் கொடுத்தேன்.

மார்கழியும் மழையும்

திருகோணமலைக்கு இதில் ஒரு தனிக் கஷ்டம் உண்டு. சென்னையில் கச்சேரிக் காலம் என்பது எங்களுக்கு வாடைக்காற்று மழைக்காலம். கார்த்திகையும் மார்கழியும்தான் இங்கே வருடத்திலேயே கொட்டுகிற மாதங்கள். 2020 டிசம்பர் 2ஆம் திகதி புரெவி புயல் கரை தொட்டதும் திரியாய், குச்சவெளிப் பக்கம்தான். பதிவு செய்ய நல்லது எல்லாம் வருகிற நேரத்தில்தான் வானம் மூடிக் கிடக்கும்.

சின்ன டிஷ்ஷில் வருவது கேயூ-பேண்ட், ஏறத்தாழ 12 கிகாஹெர்ட்ஸ். அந்த அலையை மழைத்துளிகள் உறிஞ்சும், சிதறடிக்கும். வலை டிஷ்ஷின் சி-பேண்ட் 4 கிகாஹெர்ட்ஸ் பக்கம், மழை அதை அவ்வளவு தொடாது. ஆகவே அடைமழையில் சின்ன டிஷ் சற்று நேரம் போவதை யாரும் தடுக்க முடியாது. ரீச்சர் சொன்னதில் என்னை யோசிக்க வைத்தது வேறு. மழை விட்டு ஒரு மணிநேரம் கழித்தும் படம் உடைகிறது, அடுத்த நாள் வெயில் ஏறினால்தான் சரியாகிறது. மழை விட்டதும் அலை திரும்பிவிட வேண்டும். அப்படியும் வரவில்லை என்றால் தண்ணீர் எங்கேயோ தங்கி நிற்கிறது.

மாடிக்கு ஏறி, டிஷ்ஷுக்கு முன்னால் நின்று அலையைப் பிடிக்கிற எல்என்பியிலிருந்து கேபிளின் கனெக்டரைக் கழற்றினேன். திருகு விரலுக்கு வரவில்லை, குறடு போட வேண்டியிருந்தது. திறந்ததும் மரையில் வெள்ளை உப்புத் தூள். நடுவில் நிற்க வேண்டிய செப்புக் கம்பி பச்சைக் களிம்பேறி, பென்சில் முனை போல மெலிந்திருந்தது. அழுத்தியதும் முறிந்தது. கேபிளின் உள்வலையைப் பிரித்தால் ஒரு சாண் தூரம் வரை கறுத்து ஈரமாக இருந்தது. உட்துறைமுகக் காற்று நேரே ஏறுகிற மேடு அது. போதாததற்கு, நாங்கள் பூமத்திய ரேகைக்குக் கிட்ட இருப்பதால் எங்கள் டிஷ்கள் ஏறத்தாழ அண்ணாந்து பார்க்கின்றன. எல்என்பி உயரத்தில் தூக்கி நிற்கிறது. கேபிளைக் கீழே ஒரு வளைவு விட்டு ஏற்றாமல் நேரே இழுத்துக் கட்டியிருந்தால் மழைநீர் அதைப் பிடித்துக்கொண்டே வழிந்து மூட்டுக்குள் இறங்கும். இங்கே அப்படித்தான் கட்டியிருந்தது. கறுத்த பகுதியை வெட்டி, புதிய கனெக்டர் போட்டு, ரப்பர் நாடா சுற்றி, வளைவும் விட்டுக் கட்டினேன். அதற்குப் பிறகு தூறலில் உடைவது நின்றது. கொட்டுகிற மழையில் மட்டும் சில நிமிடங்கள் போகிறது, அது இயற்கை.

ஏற்கனவே உடைந்த பதிவுகளை மென்பொருள் போட்டுச் சரிசெய்யலாமா? ரீச்சர் மட்டுமல்ல, எல்லாரும் கேட்கிற கேள்வி. முடியாது. தரவு 188 பைட் அளவான சின்னப் பொட்டலங்களாக வருகிறது. ஒவ்வொன்றிலும் 0 முதல் 15 வரை சுற்றி வருகிற ஓர் எண் உண்டு. எண் தாண்டினால் பொட்டலம் தொலைந்தது என்று அர்த்தம். சின்னச் சின்னப் பிழைகளை ரிசீவர் பிடிக்கும்போதே திருத்திவிடுகிறது; அதையும் மீறித் தொலைந்தது டிஸ்குக்கு வந்து சேரவே இல்லை. கசெற்றில் சிக்னல் குறைந்தால் புள்ளி விழுந்தாலும் ஆள் தெரிவார். டிஜிட்டலில் ஓர் எல்லை வரை ஒரு குறையும் தெரியாது, அதைத் தாண்டினால் படமே இல்லை.

நடைமுறையில் உதவுவது ஒன்று உண்டு. மாலைக் கச்சேரியைப் பல அலைவரிசைகள் மறுநாள் காலையில் மறு ஒளிபரப்புச் செய்கின்றன. இரண்டையும் பதிவு செய்து வைத்தால் ஒன்றில் உடைந்த இடத்துக்கு மற்றதிலிருந்து எடுத்து ஒட்டலாம். இலவச ரிசீவர் வந்த பொட்டலங்களை அப்படியே வரிசையாக எழுதி வைக்கிற டி.எஸ். கோப்புகளைத் தரம் குறையாமலே வெட்டி ஒட்ட முடியும்.

பூட்டு

போன வருடத்துப் பதிவுகள்தான் இந்த வேலையில் மனம் கஷ்டப்பட்ட இடம். இடிமின்னலில் பழைய கட்டணப் பெட்டி எரிந்து, சேவைக்காரர் அதே மாதிரிப் புதிய பெட்டி கொடுத்திருந்தார்கள். டிஸ்க் தப்பியிருந்தது. புதிய பெட்டியில் பொருத்தினால் கச்சேரிகளின் பெயர், திகதி, நீளம் எல்லாம் பட்டியலில் வரிசையாக வருகிறது. திறந்தால் கறுப்புத் திரை.

கட்டண அலைவரிசை பூட்டோடுதான் வருகிறது. அதைத் திறக்கும் சாவி சில விநாடிகளுக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருக்கும். கட்டணம் கட்டியவரின் அட்டைதான் அதைக் கொடுக்கும். பார்க்கும்போது பெட்டி திறந்து காட்டும். பதிவு செய்யும்போது தனக்கு மட்டுமே உரிய இன்னொரு சாவியால் பூட்டி டிஸ்கில் வைக்கும். அந்தச் சாவி அந்தப் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது, பெட்டி எரிந்தால் அதோடு எரிந்துவிட்டது. அதே நிறுவனம், அதே மாதிரி, அதே வாடிக்கையாளர் இலக்கம் என்றாலும் வேறு பெட்டி வேறு சாவிதான். பதிவு வசதி என்று விற்கும்போது இதையும் வாயைத் திறந்து சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். ரீச்சருக்கு யாரும் சொல்லவில்லை.

அந்த டிஸ்கைக் கணினியில் பொருத்தினால் “ஃபோர்மட் செய்யவா?” என்று கேட்கும். இத்தகைய பெட்டிகள் பெரும்பாலும் லினக்ஸ் கோப்பு முறையைப் பயன்படுத்துவதால் விண்டோஸுக்கு அது வெற்று டிஸ்காகத் தெரிகிறது. பெட்டி இன்னும் உயிரோடு இருக்கிறவர்கள் இந்தக் கேள்விக்கு ஓம் சொல்லிவிடக் கூடாது. இருக்கிற பதிவுகளும் போய்விடும்.

அப்போ டிவிக்குப் படம் போகிற எச்.டி.எம்.ஐ. துளையிலிருந்து எடுக்க முடியாதா என்று ரீச்சரின் மகன் கேட்டார். அந்தக் கம்பியில் போவதும் எச்.டி.சி.பி. என்ற பூட்டோடுதான் போகிறது. பதிவுக் கருவியை இடையில் வைத்தால் பெட்டி படத்தை மறுத்துவிடும். பூட்டை உடைக்கிற கருவிகள் சந்தையில் உண்டு. நான் அவற்றைப் பொருத்திக் கொடுப்பதில்லை. வீட்டில் பிறகு பார்ப்பதற்காகப் பதிவு செய்வதில் தவறில்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1984இலேயே, ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், பீட்டாமேக்ஸ் என்ற வீடியோ டெக் பற்றிய வழக்கில் தீர்ப்புச் சொன்னது. இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இருக்கிறது. சொந்தப் பாவனைக்கு ஒரு பிரதி எடுப்பது ஒன்று, பூட்டை உடைத்து ஊருக்குப் பங்கிடுவது வேறொன்று. இரண்டையும் நான் ஒன்றாகப் பார்க்க மாட்டேன்.

கட்டணப் பெட்டியின் பின்னால் சிவப்பு, வெள்ளை, மஞ்சள் துளைகள் இருந்தன. மஞ்சளில் வருவது பழைய தரத்துப் படம்தான். சிவப்பு, வெள்ளையில் ஒலி நன்றாக வருகிறது. ஆலாபனை கேட்க அது போதும் என்பதால் வாய்ப்பாட்டுக் கச்சேரிகளுக்கு அங்கிருந்து கணினிக்கு ஒரு கம்பி இழுத்துக் கொடுத்தேன்.

ஆக, முடிவு இப்படி அமைந்தது. கட்டணப் பெட்டியில் பதிவு செய்வது இரண்டு மூன்று வாரத்துக்குள் பார்த்து அழிப்பதற்கு. வருடக்கணக்கில் வைத்திருக்க வேண்டியதை இலவச அலைவரிசையில் வரும்போது மட்டும் எடுப்பது. வரும் கச்சேரிகளில் எது எதில் வருகிறது என்று ரீச்சர் இப்போது ஒரு கொப்பியில் இரண்டு பக்கமாகப் பிரித்து எழுதுகிறார்.

கரண்ட் போவதற்கும் ஒரு வழி செய்தோம். ரிசீவர் 12 வோல்ட் அடப்டரில் ஓடுகிறது. டிஷ்ஷின் எல்என்பிக்கு மின்சாரம் அந்த ரிசீவரிலிருந்தே கேபிள் வழியாகப் போகிறது. ஆகவே ரூட்டருக்கு வைக்கிற மாதிரிச் சின்ன யூ.பி.எஸ். ஒன்று, அம்பியர் பார்த்து வாங்கி, ரிசீவருக்கும் ஹப்புக்கும் கொடுத்தால் போதும். டிவி அணைந்து கிடந்தாலும் பதிவு நடக்கும். யூ.பி.எஸ்ஸும் தீர்ந்து நடுவில் நின்றால்கூட டி.எஸ். கோப்பு அதுவரை எழுதியதைப் போட்டுக் காட்டும். கடைசியில் அட்டவணை எழுதி முடிக்கிற எம்பி4 கோப்பு அப்படி நின்றால் திறப்பதே பாடு. நேரக் குறிப்பில் முன்னால் ஐந்து நிமிடமும் பின்னால் அரை மணிநேரமும் கூட்டி வைத்தோம். மங்களம் எப்போது பாடுவார்கள் என்று எந்த நிகழ்ச்சி நிரலும் சரியாகச் சொல்லாது.

விரல் நின்ற இடம்

எல்லாம் பொருத்தி முழுக் கச்சேரி ஒன்று கைக்கு வந்த பிறகும் ரீச்சர் திருப்திப்படவில்லை. தானத்தில் படத்தை நிறுத்தினால் இடக்கை விரல்களின் ஓரம் சீப்புப் பல்லாகக் கிழிந்து தெரிந்தது. பதிவு பழுது என்று அவர் நினைத்தார். பதிவில் ஒரு பழுதும் இல்லை. 1080i என்ற முறையில் ஒரு முழுப் படம் இரண்டு பாதியாக வருகிறது, முதலில் ஒற்றைப்படை வரிகள், அப்புறம் இரட்டைப்படை வரிகள். விநாடிக்கு 50 பாதிகள். இரண்டு பாதிக்கும் நடுவில் விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரம் கழிந்துவிடுகிறது. விரைவாக அசைகிற விரல் அதற்குள் இடம் மாறிவிடும். மேடையும் வீணைக் குடமும் அசையாததால் அவை தெளிவாக நிற்கும், விரல் மட்டும் கிழியும்.

கணினியில் விஎல்சி பிளேயரில் போட்டு, வரி பிரிப்பை நீக்குகிற வசதியில் யாடிஃப் 2எக்ஸ் என்பதைத் தெரிவு செய்தேன். அது ஒவ்வொரு பாதியையும் தனிப் படமாக விரித்து விநாடிக்கு 50 படங்கள் தரும். வேகத்தைக் கால்வாசியாகக் குறைத்து ஓட விட்டோம். நடுவிரல் மெட்டில் ஊன்றி நிற்க, தந்தி வளைந்து போய்த் திரும்பி வருவது இழுப்பு இழுப்பாகத் தெரிந்தது. ரீச்சர் கதிரையை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, “இஞ்ச பாருங்கோ, விரலைத் தூக்கேல்ல. அதே மெட்டிலதான் நிக்கிறார்” என்று பக்கத்திலிருந்த மாணவியிடம் காட்டினார். அந்தப் பிள்ளை தன் விரலை மடியில் வைத்து அதே மாதிரி இழுத்துப் பார்த்தது.

இனி மீதி இருக்கிற வேலை இரண்டு. டிஸ்க் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, அதற்கு ஒரு நகல் டிஸ்க் வாங்க வேண்டும். அடுத்தது, இந்தக் கடற்காற்றில் ரப்பர் நாடா சுற்றிய கனெக்டரும் நெடுநாள் தாங்காது. வருடா வருடம் ஐப்பசி பிறக்க முன் கழற்றிப் பார்த்து, களிம்பு தெரிந்தால் மாற்றிவிடுவதாக ரீச்சரிடம் சொல்லியிருக்கிறேன். அதையும் அவர் கொப்பியில் குறித்துக்கொண்டார்.